மைதானத்தின் கோடியில் ஒரு பள்ளம்

1930ஆம் வருஷம் மே மாதம் 13ஆம் தேதி மாலை. பர்மாவில், ரங்கூன் நகரத்துக்கு வடக்கே பத்து மைலுக்குள் இன்ஸீன் என்று ஓர் ஊர். அங்கே அரசாங்கத் தொழிற்கல்விப் பள்ளிக்கூடம் ஒன்று. பள்ளிக்கூடத்துக்குச் சொந்தமாக ஒரு விளையாட்டு மைதானம். நல்ல மழை. மேகத்துக்கு அடியிலிருந்து ஒரு சின்னஞ்சிறு பச்சை விமானம் தாழ்ந்து வந்தது. மைதானத்தில் இறங்கியது. ஈரப் புல்லில் ஓடியது. பந்தாட்டக் கம்பங்களைத் தாண்டிய பிறகும் நிற்காமல் ஓடியது. மைதானத்தின் கோடியில் ஒரு பள்ளம். அதில் போய் மூக்கைக் குத்திக்கொண்டு நின்றது.

முன்னால் சுழலும் மர விசிறி பிளந்துவிட்டது. சக்கரங்களைத் தாங்கும் கால்கள் சேதமாயின. டயர் ஒன்று போயிற்று. இறக்கையில் ஒரு பகுதி நொறுங்கி, மேலே போர்த்தியிருந்த துணி கிழிந்து தொங்கியது. ஓடி வந்தவர்கள் எதிர்பார்த்தது யாரையோ. உள்ளேயிருந்து இறங்கியது 26 வயதுப் பெண் ஒருத்தி. தெய்வாதீனமாக உடம்பில் காயம் இல்லை. எட்டு நாளைக்கு முன் லண்டனுக்கு அருகே உள்ள குரோய்டன் விமான நிலையத்திலிருந்து தன்னந்தனியாகக் கிளம்பி, ஆஸ்திரேலியாவுக்குப் போய்க்கொண்டிருந்தவள். பெயர் ஆமி ஜான்ஸன்.

அந்தச் சமயத்தில் நம் நாட்டில் பத்திரிகை படித்தவர்களுக்கு இந்தப் பெண்ணைப் பற்றிக் கவலைப்பட அதிகம் நேரம் இருந்திராது. அவள் குரோய்டனில் கிளம்பிய அதே மே 5ஆம் தேதி, நடு இரவு தாண்டிய சற்று நேரத்தில், தண்டிக்குப் பக்கத்தில் கராடி என்ற கிராமத்தில் காந்திஜி கைது செய்யப்பட்டார். வேதாரண்யத்தில் ராஜாஜி உப்பு அள்ளி ஐந்து நாள்தான் ஆகியிருந்தது. அதே மே 5ஆம் தேதி மாலை பர்மாவில் பெரும் பூகம்பம். பெகு நகரம் தரைமட்டமாயிற்று, நூற்றுக்கணக்கானவர்கள் மாண்டார்கள், ரங்கூனிலும் கட்டடங்கள் விழுந்தன. ரங்கூன் ஜனத்தொகையில் அப்போது பாதிக்கு மேல் இந்தியர்கள். தஞ்சாவூரிலும் இராமநாதபுரத்திலும் எத்தனையோ வீடுகளில் தபால்காரனை எதிர்பார்த்து வாசலில் நின்றிருப்பார்கள். இவ்வளவுக்கும் நடுவே ஒரு வெள்ளைக்காரப் பெண் பள்ளத்தில் விமானத்தை விட்டாள் என்பது எந்த மூலைக்குச் செய்தி?

ஆனால் எனக்கு இந்தப் பள்ளத்தின் மேல் வெகு நாளாக ஒரு கண். பள்ளம் இருந்தது, விமானம் விழுந்தது, இதில் விசாரிக்க என்ன இருக்கிறது என்று நேயர்கள் கேட்கலாம். விசாரிக்கப் புகுந்தால், அந்தப் பள்ளத்திலிருந்து ஒரு கயிறு கிளம்பி லண்டன் வரைக்கும் போகிறது. கொஞ்சம் அதைப் பிடித்துக்கொண்டு போய்ப் பார்ப்போம்.

ஆமியின் தகப்பனார் இங்கிலாந்தில் ஹல் என்னும் துறைமுகப் பட்டினத்தில் மீன் வியாபாரி. மகள் ஷெபீல்ட் சர்வகலாசாலையில் பி. ஏ. படித்தாள். காதலில் ஒரு ஏமாற்றம். லண்டனுக்கு வந்து ஒரு வக்கீல் ஆபீஸில் டைப் அடிக்கும் உத்தியோகத்தில் அமர்ந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் விமானம் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போனாள். சாதாரணமாக ஒருவருக்கு எட்டு அல்லது பத்து மணி நேரப் பயிற்சி கொடுத்துவிட்டுத் தனியே விடுவார்கள். இவளுக்குப் பதினைந்தே முக்கால் மணி நேரம் வேண்டியிருந்தது. காரணம், இறங்குவது. மேலே போவாள், திரும்புவாள், எல்லாம் சரிதான். தரைக்கு வரும்போது மட்டும் விமானம் குதிரைக் குட்டி மாதிரி துள்ளும். இதை நான் குறை சொல்வதற்காக எழுதவில்லை. அவளுடைய சரித்திரத்தை எழுதியவர்கள் எல்லோரும் ஒப்புக்கொண்ட சங்கதி இது. பின்னால் நமக்கு வேண்டியிருக்கும் என்பதற்காக இங்கே குறித்து வைக்கிறேன்.

அவளிடம் இன்னொரு விசேஷம் உண்டு. விமானம் ஓட்டினால் மட்டும் போதாது, அதைப் பிரித்துப் பூட்டவும் தெரிய வேண்டும் என்று பிடிவாதமாகக் கொட்டகையில் மெக்கானிக்குகளோடு எண்ணெய்க் கையுடன் உட்கார்ந்தாள். 1929 டிசம்பரில் விமான இன்ஜினீயர் லைசென்ஸ் வாங்கினாள். இங்கிலாந்தில் அந்த லைசென்ஸைப் பெற்ற முதல் பெண் அவள்தான். நாலைந்து மாதம் கழித்து ஆஸ்திரேலியாவுக்குப் புறப்பட்டபோது அவள் விமானம் ஓட்டிய மொத்த நேரம் நூறு மணிகூட ஆகவில்லை. அதற்கு முன் அவள் போயிருந்த மிக நீண்ட பிரயாணம் லண்டனிலிருந்து பிறந்த ஊராகிய ஹல் வரைக்கும். 150 மைல் இருக்கலாம். இப்போது போக வேண்டியதோ 11,000 மைல்!

விமானம் பழைய விமானம். 'ஜிப்ஸி மாத்' என்று பெயர். 600 பவுன் விலை. தகப்பனாரும் எண்ணெய் வியாபாரத்தில் பெரும் பணக்காரரான வேக்ஃபீல்ட் பிரபுவும் பாதிப் பாதியாகக் கொடுத்தார்கள். தகப்பனாருடைய மீன் வியாபாரத்தின் முத்திரைப் பெயர் 'ஜாஸன்'. அதையே விமானத்துக்கும் வைத்தாள். கருவாட்டுப் பெட்டியின் பெயர் ஆகாயத்தில் பறந்தது என்று சொன்னாலும் தப்பில்லை.

இந்த 'மாத்' விமானத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இறக்கைக்கு இறக்கை முப்பது அடி. நீளம் இருபத்து நாலடி. மரச் சட்டத்தில் லினன் துணியைப் போர்த்தி, அதன் மேல் ஒருவித வார்னிஷ் பூசி விறைப்பாக்கிய இரட்டை இறக்கைகள். நூறு குதிரைச் சக்தி என்ஜின். மணிக்கு 85 மைல் வேகத்தில் நிதானமாகப் போகும். அந்தக் காலத்தில் இதில் பறக்காத வாலிபர்களே இல்லை என்னலாம். அதே 1930ஆம் வருஷத்தில், இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே தனியாகப் பறக்கும் இந்தியருக்கென்று ஆகாகான் வைத்த பரிசுக்காக நம்முடைய ஜே. ஆர். டி. டாட்டாவும், ஆஸ்பி இன்ஜினீயர் என்ற பள்ளிப் பையன் வயதுள்ள பிள்ளையும் போட்டியிட்டதும் 'ஜிப்ஸி மாத்'களில்தான். பரிசு ஆஸ்பிக்குக் கிடைத்தது.

ஆனால் இந்த விமானத்தில் பிரேக் கிடையாது. வால் பக்கத்தில் ஒரு கட்டை இருக்கும். தரையில் இறங்கியதும் அந்தக் கட்டை புல்லைக் கீறிக்கொண்டே வரும். அந்த உராய்வினால் வேகம் குறைந்து விமானம் தானாக நிற்க வேண்டும். காய்ந்த புல்லில் நிற்கும். மழையில் நனைந்து சேறாகிவிட்ட மைதானத்தில்? வழுக்குமரம்தான். இன்னொரு சங்கடம். மூன்று இடமும் ஒன்றாகத் தரையைத் தொடும்படி இறங்கும்போது வால் தாழ்ந்து மூக்கு மேலே தூக்கிக்கொள்ளும். பின் ஆசனத்தில் உட்கார்ந்திருக்கும் விமானிக்கு நேர் எதிரே என்ஜின் நிற்கும். முன்னால் பள்ளம் இருக்கிறதா, மாடு நிற்கிறதா என்று பக்கவாட்டில் தலையை நீட்டித்தான் பார்க்க வேண்டும். மழை முகத்தில் அறையும், கண்ணாடி மங்கும்.

அதோடு, 'மாத்' இலேசான வண்டி. கொஞ்சம் வேகம் அதிகமாக வந்துவிட்டால் தரைக்கு மேல் ஐந்தாறு அடியில் மிதந்துகொண்டே போகும். 'இறங்கு' என்றால் இறங்காது. அதற்குள் மைதானத்தில் பாதி போய்விடும். இறங்கிய பிறகும் ஓட்டம் குறையாது. கணக்குத் தெரிந்தவர்களுக்கு இது புரியும்: 40 மைல் வேகத்தில் தரையைத் தொட வேண்டியவன் 50 மைல் வேகத்தில் தொட்டால், வேகம் கூடியது கால் பங்கு, நிற்பதற்கு ஓட வேண்டிய தூரமோ பாதிக்கு மேல் கூடிவிடுகிறது. கால் பந்து ஆடுவதற்காக அளந்த மைதானத்தில் அந்தப் பாதியை எங்கே போய்த் தேடுவது?

இது யந்திரத்தின் சங்கதி. இனி காலண்டரைப் பார்ப்போம்.

ஆமிக்கு முன் இதே பிரயாணத்தைத் தனியாகச் செய்து புகழ் பெற்றவர் பெர்ட் ஹிங்க்ளர் என்ற ஆஸ்திரேலியர். 1928இல் பதினைந்தரை நாளில் லண்டனிலிருந்து டார்வின் போய்ச் சேர்ந்தார். அவர் போனது பிப்ரவரி மாதத்தில். பர்மாவில் அது வெயில் காயும் காலம். வானம் துடைத்து வைத்தாற்போல் இருக்கும். ஆமி கிளம்பியது மே மாதத்தில். மே மாதம் நடுவில் பர்மாக் கரையில் தென்மேற்குப் பருவமழை தலைகாட்டத் தொடங்கும் என்பது அவளுக்கும் தெரியும். மழை பிடித்துக்கொள்வதற்குள் தாண்டிவிட வேண்டும் என்பதுதான் அவள் திட்டம். ஆனால் பல மாதம் பலருடைய வாசற்படி ஏறி இறங்கிய பிறகே பணம் கிடைத்தது. பணம் பங்குனியில் வந்திருந்தால் பள்ளம் வந்திராது என்று சொல்லத் தோன்றுகிறது. கையில் காசு வரும் பருவமும் வானத்தில் மழை வரும் பருவமும் ஒன்றையொன்று கேட்டுக்கொண்டு வருவதில்லையே!

பிறகு அந்தப் பந்தயம். ஆமி கராச்சிக்கு ஆறாவது நாளில், மே 10ஆம் தேதி வந்தாள். ஹிங்க்ளரைவிட இரண்டு நாள் முன்னால். அதுவரைக்கும் அவளைப் பற்றி இரண்டு வரி போட்ட பத்திரிகைகள் அன்றிலிருந்து முதல் பக்கத்தில் போட ஆரம்பித்தன. இதற்குப் பிறகு ஒரு நாள் தங்கி இளைப்பாறுவது எப்படி? அவள் தினமும் விடியற்காலையில் கிளம்பினாள். எட்டு மணி, பத்து மணி நேரம் திறந்த ஆசனத்தில் வெயிலிலும் காற்றிலும் உட்கார்ந்தாள். துணை டாங்கியிலிருந்து மேல் டாங்கிக்குக் கையால் பெட்ரோல் அடித்தாள். அந்த வாடையில் குமட்டல் எடுத்தது. இறங்கிய பிறகு மற்றவர்கள் தூங்கப் போவார்கள். இவள் என்ஜினைத் திறந்து சுத்தம் பண்ண உட்காருவாள். அதற்கு மேல் மூன்று மணியோ நாலு மணியோ தூக்கம். இன்ஸீனில் இறங்கிய நாள் ஒன்பதாவது நாள். ஒரு நாள்கூட இடைவெளி கிடையாது.

அதிலும் அடையாளங்கள் முன்னாலேயே தெரிந்தன. பாக்தாத்துக்கு முன் மணற்புயலில் பாலைவனத்தில் இறங்கி, விமானம் பறந்துவிடாமல் சாமான்களை முட்டுக் கொடுத்துக் காத்திருந்தாள். பந்தர் அப்பாஸில் சக்கரக் கால் பழுதாயிற்று. மே 11ஆம் தேதி கராச்சியிலிருந்து அலகாபாத்துக்குக் கிளம்பினாள். எதிர்க்காற்றில் பெட்ரோல் தீர்ந்துகொண்டு வந்தது. ஜான்ஸன் போய் இறங்கியது ஜான்ஸியில்! பெயர்ப் பொருத்தம் என்று சிரிக்கலாம். ஆனால் நடந்தது சிரிப்புக்கு இடமானதல்ல. அங்கே பட்டாளத்து அணிவகுப்பு மைதானத்தில் இறங்கியவள் மைதானத்துக்குள் நிற்க முடியாமல், சிப்பாய்கள் சிதறி ஓட, பாரக் கட்டடங்களுக்கு நடுவே புகுந்து நின்றாள். இறக்கை அடிபட்டது. அன்று இரவே தச்சரைக் கொண்டு பழுது பார்த்து, மறுநாள் காலையில் கிளம்பி அலகாபாத் வழியாகக் கல்கத்தா போய்விட்டாள்.

ஜான்ஸியில் நடந்ததை ஊன்றிப் பாருங்கள். பழக்கமில்லாத சின்ன மைதானம், தீர்ந்துகொண்டிருக்கும் ஏதோ ஒன்று (அங்கே பெட்ரோல்), களைத்துப்போன கை, நிற்காத ஓட்டம். இரண்டே நாள் கழித்து இன்ஸீனில் நடந்ததும் இதே நாடகம்தான். பெட்ரோலுக்குப் பதில் பொழுது தீர்ந்துகொண்டிருந்தது. ஜான்ஸியில் ஒரு நாள் தங்கி, "நேற்று ஏன் இப்படி ஆயிற்று?" என்று அவள் யோசித்திருந்தால்? யோசித்திருக்கலாம்தான். ஆனால் ஹிங்க்ளருடைய இரண்டு நாள் முதுகுக்குப் பின்னால் நின்று தார்க்கோல் போட்டுக்கொண்டிருந்தபோது, யார்தான் அங்கே உட்கார்ந்து யோசிப்பார்கள்?

13ஆம் தேதி கல்கத்தாவில் கிளம்பி அக்யாபில் இறங்கிப் பெட்ரோல் போட்டுக்கொண்டாள். கல்கத்தாவிலிருந்து ரங்கூன் 600 மைலுக்கு மேல். அக்யாப் மலைக்கு இந்தப் பக்கம், ரங்கூன் அந்தப் பக்கம். நடுவில் அரக்கான் யோமா மலைத்தொடர் நிற்கிறது. மேகமும் மழையும் மலையை மூடிக்கொண்டிருந்தன. இந்தக் காலத்தைப் போல் ரேடியோவில் கூப்பிட்டு வழி கேட்க முடியாது. விமானத்தில் ரேடியோவே இல்லை. கீழே தெரியும் ஆறு, கடற்கரை, ரயில் தண்டவாளம் இவைதான் அன்றைய விமானிக்கு வழிகாட்டி. தெரிந்தால் உண்டு, தெரியாவிட்டால் ஈசுவரன் விட்ட வழி.

ரங்கூனில் அவள் இறங்குவதாக ஏற்பாடாகியிருந்த இடம் குதிரைப் பந்தய மைதானம். பந்தய மைதானம் என்பது கூட்டத்துக்காகவும் குதிரைகளுக்காகவும் கட்டியது. ஆகாயத்திலிருந்து வருகிறவர்களுக்காக அல்ல. மழைத் திரைக்கு நடுவே அதை மேலேயிருந்து பொறுக்கி எடுக்க வேண்டும். ஆமி தேடினாள். அகப்படவில்லை. வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. இருட்டிவிட்டால் எந்த மைதானமும் ஒன்றுதான். அப்போது ரயில் பாதை ஓரத்தில் இருக்கும் இன்ஸீனில் மரங்களுக்கும் கட்டடங்களுக்கும் நடுவே பச்சையாக ஒரு சதுரம் தெரிந்தது.

இந்த இடத்தில் நான் கொஞ்சம் நின்றுவிடுகிறேன். இன்ஸீனிலிருந்து பந்தய மைதானம் அவளுடைய விமானத்துக்கு ஏழு நிமிஷத்துக்கு உட்பட்ட தூரம். ஏழே நிமிஷம்! லண்டனிலிருந்து ஆயிரக்கணக்கான மைல் வந்தவளுக்கு ஏழு நிமிஷம் போதவில்லை. ஆனால் எந்தத் திசையில் ஏழு நிமிஷம் என்று தெரியாதவனுக்கு ஏழு நிமிஷமும் ஏழு நாளும் ஒன்றுதான். கண்ணுக்குத் தெரிந்த சின்ன மைதானமா, கண்ணுக்குத் தெரியாத பெரிய மைதானமா என்று கேள்வி வந்தபோது, தெரிந்ததில் இறங்கியது புத்திசாலித்தனம் என்றே நினைக்கிறேன். அன்று அவள் செய்த காரியங்களில் மிகச் சரியானது அந்தத் தீர்மானம். விபத்தும் அதிலேதான் நேர்ந்தது. சரியான தீர்மானம் செய்தால் சரியான பலன் கிடைக்கும் என்று நமக்குப் பாட்டி கதைகளில் சொல்லியிருக்கிறார்கள். பாட்டிகள் விமானம் ஓட்டியதில்லை.

அப்படியானால் குற்றம் யார் மேல்?

"பெண் பிள்ளை ஓட்டினால் அப்படித்தான்" என்று சொன்னவர்கள் அப்போது இல்லாமல் இல்லை. இப்போதும் தெருவில் மோட்டார் ஓட்டும் பெண்ணைப் பார்த்து அதைச் சொல்லுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டிய அவசியமில்லை. மகா அனுபவசாலியான ஹிங்க்ளர் 1933 ஜனவரியில் இத்தாலி மலையில் மோதி இறந்தார். சூராதிசூரரான கிங்ஸ்ஃபோர்ட் ஸ்மித் 1935 நவம்பரில் இதே பர்மாக் கரையோரம் கடலில் மறைந்தார். அவர்கள் ஆண் பிள்ளைகள்தான்.

அவளிடம் பக்தி கொண்டவர்கள் இதற்கு நேர்மாறு: மழை, இருட்டு, பள்ளம், இவை மட்டுமே காரணம், அவள் மேல் தூசுகூட இல்லை என்பார்கள். இதையும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. முன்னே குறித்து வைத்ததை இப்போது எடுக்கிறேன். இறங்குவது அவளுக்குச் சரியாக வராத வித்தை. இன்ஸீனுக்குப் பதினாறு நாள் கழித்து, மே 29ஆம் தேதி, ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேன் நகரத்தில் ஆயிரக்கணக்கான ஜனங்கள் கூடி வரவேற்கக் காத்திருந்தார்கள். அங்கே மழை இல்லாமலே, ஒழுங்கான விமான மைதானத்திலேயே, தூரம் தப்பி வேலியைத் தாண்டிப் போய் விமானத்தைக் கவிழ்த்தாள். அப்போதும் காயமில்லாமல் எழுந்து வந்தாள். எல்லையில்லாத களைப்பு, உண்மை. ஆனாலும் ஜான்ஸி, இன்ஸீன், பிரிஸ்பேன் மூன்றிலும் ஒரே தவறு ஒரே மாதிரி நேர்ந்தால், அதற்குப் பிறகு மழையை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமாகாது.

அதற்காக அவளையே தனியாக ஏற்றுவதும் நியாயமில்லை. அவள் பிறகு மணந்துகொண்ட ஜிம் மாலிஸன் அவளைவிடக் கெட்டிக்கார விமானி என்று பெயர் வாங்கியவர். 1933 ஜூலையில் இருவருமாக வேல்ஸ் கடற்கரையிலிருந்து நியூயார்க்குக்குப் பறந்தார்கள். 39 மணி நேரம் கழித்து, நியூயார்க்குக்கு அறுபது மைல் இருக்கும்போது, பெட்ரோல் தீரும் தறுவாயில், இருட்டில், பிரிட்ஜ்போர்ட் என்ற இடத்தில் மாலிஸன் இறங்கினார். காற்றுக்கு எதிராக இறங்க வேண்டியவர் காற்றோடு சேர்ந்து இறங்கினார். மைதானம் போதவில்லை. சதுப்பு நிலத்தில் கவிழ்ந்து இருவருக்கும் அடி. தூக்கமில்லாத கண்ணும், தீர்ந்துபோன டாங்கியும், பந்தய அவசரமும் சேர்ந்தால் கெட்டிக்காரனும் கற்றுக்குட்டியும் ஒரே பள்ளத்தில்தான் விழுகிறார்கள்.

ஆமிக்கு இன்னொரு நாள் வந்தது. 1941 ஜனவரி 5ஆம் தேதி, யுத்த காலத்தில், அரசாங்க விமானம் ஒன்றை ஓர் இடத்திலிருந்து மற்றோர் இடத்துக்குக் கொண்டுபோகையில் மேகத்துக்கு மேலே வழி தப்பினாள். அன்று கீழே பச்சைச் சதுரம் எதுவும் தென்படவில்லை. பாராசூட்டில் குதித்துத் தேம்ஸ் நதி முகத்துவாரத்தின் பனிக்குளிர் நீரில் விழுந்தாள். காப்பாற்றக் குதித்த கப்பல் தலைவர் பிளெட்சரும் உயிர் துறந்தார். அவள் உடல் கிடைக்கவில்லை.

அந்தத் துயரத்தை அங்கேயே விட்டுவிட்டு, இன்ஸீனுக்கே திரும்பிவிடுவோம். ஏனென்றால் இந்த விபத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, விழுந்த பிறகு நடந்தது.

விமானத்தோடு விழுவதென்றால் தொழிற்கல்விப் பள்ளிக்கூடத்தில் விழ வேண்டும்! பட்டறை பக்கத்திலேயே இருந்தது. கடைசல் யந்திரம் இருந்தது, தச்சு வேலை தெரிந்த கைகள் இருந்தன, புத்தகத்தில் படித்ததை ஒரு நிஜ யந்திரத்தில் பார்க்க மாட்டோமா என்று ஏங்கிக்கொண்டிருந்த மாணவர்கள் இருந்தார்கள். அவர்களுக்கு நடுவே, இங்கிலாந்திலேயே விமான இன்ஜினீயர் லைசென்ஸ் பெற்ற முதல் பெண், எந்தக் கட்டை எந்த ஆணியில் சேர வேண்டும் என்று சொல்லிக்கொண்டு நின்றாள். இறங்கத் தெரியாதவள் என்று ஏசியவர்கள் இந்த இரண்டு நாளும் அங்கே இருந்து பார்த்திருக்க வேண்டும். கப்பலில் உதிரிச் சாமான் வரும் வரையில் ஹோட்டலில் காத்திருக்கும் பிரபலங்களின் ஜாதி இல்லை அவள்.

மர விசிறி பிளந்தது என்றேனல்லவா? அதற்கு மாற்று அவளிடமே இருந்தது. லண்டனிலிருந்து புறப்படும்போதே உபரி விசிறி ஒன்றை விமானத்தின் வெளிப்புறத்தில் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். நம் ஊர் மாட்டு வண்டிக்காரன் கடையாணியை உபரியாக முடிந்து வைத்துக்கொள்வதைப் போல. இத்தனை ஆயிரம் மைல் காற்றை எதிர்த்து அதைச் சுமந்து வந்தது இந்த ஒரு மாலைக்காகத்தான்.

இறக்கைக்குச் சட்டம் செய்தாயிற்று. மேலே போர்த்த விமானத் துணிக்கு எங்கே போவது? ரங்கூன் கடைகளில் அது கிடைக்காது. அப்போது ஒரு வேடிக்கை நடந்தது என்று சொல்கிறார்கள். முதல் உலகப் போரில் மிஞ்சிய விமானத் துணி முன்பே மலிவு விலைக்கு அந்தப் பக்கம் வந்திருந்ததாம். உறுதியான லினன், பார்த்தார்கள், வாங்கிச் சட்டை தைத்துப் போட்டுக்கொண்டார்கள். இப்போது அந்தச் சட்டைகளைத் தேடிப் பிடித்து, தையலைப் பிரித்து, மறுபடியும் இறக்கையில் வைத்துத் தைத்தார்கள். பறப்பதற்கென்று நெய்யப்பட்ட துணி, ஆபீஸுக்கும் கடைத்தெருவுக்கும் போய்க்கொண்டிருந்து, கடைசியில் பறக்கப் போயிற்று. அதன் மேல் பூசும் வார்னிஷுக்கு மருந்துக் கடைக்காரரைப் பிடித்து, இன்னின்ன சரக்கு என்று சொல்லிக் கலந்து வாங்கினார்கள்.

மைதானத்திலிருந்து அப்படியே கிளம்ப முடியாது. இறங்கவே போதாத இடம், ஏறப் போதுமா? 'மாத்' விமானத்துக்கு இறக்கைகளைப் பின்பக்கமாக மடிக்கும் வசதி உண்டு. பறவை இறக்கையை ஒடுக்கிக்கொள்வது மாதிரி மடித்து, சாலை வழியாக அதை ரங்கூனுக்கு இழுத்துப் போனார்கள். ஆகாயத்தில் கண்டுபிடிக்க முடியாத பந்தய மைதானம் தரை வழியே போனால் சுலபமாக அகப்பட்டது!

மே 16ஆம் தேதி அங்கேயிருந்து பாங்காக்குக்குக் கிளம்பினாள். 14, 15 ஆகிய இரண்டு நாளும் போயிற்று. கராச்சியில் சம்பாதித்த இரண்டு நாளையும் இன்ஸீன் பள்ளம் விழுங்கிவிட்டது. ஹிங்க்ளருடைய பதினைந்தரை நாள் இனி எட்டாது என்பது அவளுக்குத் தெரிந்துதான் இருக்கும். ஆனாலும் மழைக்குள்ளேயே புறப்பட்டாள். ஜாவாவில் ஒரு கரும்புத் தோட்டத்தில் இறங்கி, மூங்கில் முளைகள் இறக்கையைக் குத்திக் கிழிக்க, காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரியை ஒட்டிக்கொண்டு மேலே போனாள். மே 24ஆம் தேதி, பத்தொன்பதரை நாளில், டார்வினில் இறங்கினாள். அந்தத் தடவை விமானம் ஒழுங்காக நின்றது. இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குத் தனியாகப் பறந்த முதல் பெண் என்று உலகமெல்லாம் தந்தி பறந்தது. ஒரு லண்டன் பத்திரிகை 10,000 பவுன் கொடுத்தது. 'ஜாஸன்' லண்டன் விஞ்ஞானப் பொருட்காட்சிசாலைக்குப் போயிற்று.

ரங்கூனில் சட்டையைக் கழற்றிக் கொடுத்தவர்கள் யார் யார் என்று ஒருவரும் எழுதி வைக்கவில்லை.